இருவாச்சி மறந்த மரம்

வேங்கன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி மாதியும் ஒரு மலைக்காட்டில் வாழ்ந்தார்கள். முட்டையிடும் காலம் வந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி மாதி ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். சிறகின் இறகுகளையும் உதிர்த்துவிட்டாள். குஞ்சு வளரும்வரை அவளால் பறக்க முடியாது.

"உங்களை நம்பித்தான் உள்ளே இருக்கேங்க!" என்றாள்.

"என்ன பேச்சு இது! நான் இருக்கேன்ல!" என்றான் வேங்கன்.

சொன்னபடியே நடந்தான். எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாய்க் கீறல் வழியே ஊட்டினான். குஞ்சும் பொரிந்தது. அப்பாவின் சிறகோசை தூரத்தில் கேட்டாலே போதும், வாயைப் பிளந்துகொள்ளும்!

மலையடிவாரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று இருந்தது. ஒருநாள் அங்கிருந்து ஒரு காக்கை கூப்பிட்டது.

"அண்ணே! கொப்பரை ஓரத்துல பாகு வழியுது! ஒரு வாய் தின்னு பாருங்க!"

தின்றான். தலைக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது! பாட்டுகூட வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கு அணைந்தது. உடம்பு சோர்ந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அதைப் போக்க இன்னொரு வாய் தின்றான், பாவி!

அதற்குப் பிறகு அத்திப்பழம் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பழம் பறிக்கக் கிளம்புவான், பாகில் போய் நிற்பான்.

"ஏங்க, இவ்வளவு நேரம் எங்கே போனீங்க? பிள்ளை பசியில துடிக்கிறான்!"

"சும்மா தொணதொணக்காதே!" என்று எரிந்து விழுந்தான். மாதியிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. பேசிவிட்டுத் தனியே உட்கார்ந்து கண் கலங்கினான். கலங்கி என்ன பயன்? மறுபடியும் கொட்டகைக்குத்தான் போனான்.

அதே காட்டில் வாழ்ந்த மலையணில் ஒன்று ஒருநாள் அவனை வழிமறித்தது. "வேங்கா, உன் முகமே சரியில்ல! தூக்கம் இல்ல, சிரிப்பு இல்ல. நேத்து பட்டமரத்துல போய்ப் பழம் தேடுறே! அந்தப் பாகை விட்டுடு!"

"தித்திப்பு யாரைக் கொன்னுச்சு, போ!" என்றான் வேங்கன்.

பிறகு ஒருநாள் அவனுக்குத் தன் மரமே தெரியவில்லை. எந்த மரம்? பொந்து எந்தப் பக்கம்? "மாதி! மாதி!" என்று காட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. தினமும் சற்று நேரம் தேடுவான், பிறகு கொட்டகையில் போய்ச் சுருண்டுகொள்வான்.

கடைசியில் மலையணில்தான் அவனைத் தேடிப் பிடித்து, வழியில் பழமும் பறிக்க வைத்து, மரத்தடிக்கு அழைத்து வந்தது. வேங்கன் கீறலில் அலகை நீட்டினான். உள்ளே பிளந்த வாய் இல்லை.

"மாதி, பிள்ளை எங்கே?"

"காலையில பசியிலேயே செத்துப் போயிட்டான்." மாதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "எத்தனையோ தடவை இந்த மரத்துக்கு மேலேயே பறந்து போனீங்க. நான் கூப்பிட்டது வெளியே கேட்கல. உங்க சிறகுச் சத்தம் கேட்டப்போ எல்லாம், அவன் வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தான்."

வேங்கனின் அலகிலிருந்து அத்திப்பழங்கள் ஒவ்வொன்றாய்த் தரையில் உதிர்ந்தன.

அளவில்லாமல் தின்னும் தித்திப்பு நம் நினைவையும் நிம்மதியையும் கரைத்துவிடும். அதற்காக நம்மை நம்பியிருப்பவர்கள் பட்டினி கிடக்க நேரும்.