பதினோரு மாதச் சந்தேகம்

"'ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் பதினோரு மாசமாப்பா? எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட நீங்க இவ்ளோ யோசிக்கலயே.' இப்படிக் கேட்டுட்டாம்மா என் பொண்ணு. ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன்."

"எத்தனை நாள்ல பாத்தீங்க?" என்றார் நீலாம்மா.

"எதை?"

"மாப்பிள்ளையை."

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் போனோம், ராத்திரி சரின்னு சொல்லியாச்சு."

"அப்ப அவ கேட்டதுல என்ன தப்பு?"

"அது வேறம்மா. அன்னிக்கு அவ அம்மா சுலோச்சனா இருந்தா. அவ சரின்னா, நானும் சரின்னேன். இது நான் தனியா எடுக்கற முடிவு."

நீலாம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொள்ளிடக் கரையில் தகரக் கூரை போட்ட அந்தத் தியான இல்லத்தில் ஞாயிறு மாலை எல்லோருக்கும் கஞ்சியும் கீரையும் உண்டு. குருவே கீரை ஆய்வார். வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். குருவுக்கு நாற்பத்து நாலு வயது. சீடருக்கு அறுபத்தெட்டு, பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாக வருகிறார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் பன்னிரண்டு வருஷம் தியானம் பண்ணின மாதிரி இல்லை. ரேஷன் கடை வரிசையில் கடைசியில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கல்பனா கூப்பிடுவா. முடிவு சொல்லணுமாம். இல்லேன்னா அங்க எடின்பரோலேருந்தே அவளா ஒண்ணு ஆர்டர் போட்டுடுவாளாம்."

"மணி என்ன?"

"நாலே கால்."

"நிறைய நேரம் இருக்கு. கேளுங்க."

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். நடுவில் அளவுகோல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் மேக், வலது பக்கம் விண்டோஸ். பாலம் கட்டப் போகிறவர்கூட இவ்வளவு எழுதமாட்டார்.

"முதல்ல இதைச் சொல்லுங்க," என்றார் நீலாம்மா. "அதுல என்னென்ன பண்ணுவீங்க?"

"கரண்ட் பில் கட்டுவேன். பேப்பர் படிப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை பென்ஷன் ஆபீஸுக்கு லெட்டர் அடிப்பேன். பேத்தி போட்டோ பாப்பேன்."

"இதுக்கு ரெண்டுமே போதும்."

"அப்படிச் சொல்லிடாதீங்கம்மா." அவர் திடுக்கிட்டார். "ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவோ இருக்கு."

"சரி, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அந்த இல்லத்தின் ஆபீஸ் அறையில் இரண்டும் இருந்தன. பெங்களூர்க்காரர் ஒருவர் மேக் வாங்கிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டுக் கரூர்க்காரர் ஒருவர் விண்டோஸ் வாங்கிக் கொடுத்தார். ஒருவர் கொடுத்ததை வைத்து இன்னொருவர் முகம் சுண்டக்கூடாதே என்று நீலாம்மா இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு இரண்டும் தெரியும். தணிகாசலத்துக்கு அது தெரியாது.

"என்னோட பழைய தமிழ் லெட்டரெல்லாம் மேக்ல திறக்குமா?"

"திறக்கும். எழுத்து கட்டம் கட்டமாத் தெரிஞ்சா ஃபாண்ட் போடணும். அந்த வேலை ரெண்டுலயும் உண்டு."

அவர் தாளில் ஒரு வரியை அடித்தார்.

"பிரிண்டர்?"

"இங்க ஒரே பிரிண்டர்தான். ரெண்டுக்கும் ஓடுது."

அடித்தார்.

"வைரஸ்?"

"யாருன்னு தெரியாத ஆள் அனுப்பினதைத் திறக்காதீங்க. ரெண்டுலயும்."

"மேக்னா கீபோர்டு மாறுமே. காப்பி பண்ண, ஒட்ட, எல்லாத்துக்கும் வேற கீயாமே."

"ஒரு வாரத்துல விரலுக்குப் பழகிடும்."

"மேக் பத்து வருஷம் உழைக்கும்கறாங்க."

நீலாம்மா நிமிர்ந்து அவர் நரைத்த தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். தணிகாசலம் அந்த வரியையும் தானே அடித்தார்.

"ரிப்பேர்னு வந்தா?"

"இப்ப ரிப்பேர்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"கீழ்வீட்டு ஹமீது. லுங்கியோட மேல வந்து அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போவான்."

"அவருக்கு எது தெரியும்?"

"விண்டோஸ்."

"அப்ப விண்டோஸ் வாங்குங்க."

தணிகாசலம் தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் ஒரு பிடி வாடிக்கொண்டே வந்திருந்தது. கேட்டது கிடைத்த மனுஷனின் முகம் இல்லை அது.

"இன்னும் இருக்கா சார்?"

"இருந்தது. இப்ப ஞாபகம் வரல."

"யோசிங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். உதடு அசைந்தது. கடைசியில், "கலர்?" என்றார்.

"சார்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

நீலாம்மா இன்னொரு கீரைத் தண்டை ஒடித்தார். கூரைமேல் ஒரு அணில் ஓடியது.

"நீங்க பொறுமையா இருங்கன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சு வந்தேன்," என்றார் தணிகாசலம். "எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்வீங்க? அவசரப்படாதீங்க, இன்னும் நாலு மாசம் போகட்டும்னு. குருவே சொல்லிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்."

"நாலு மாசத்துல என்ன ஆகும்?"

"பதினேழு ஞாயித்துக்கிழமை."

நீலாம்மாவின் கை நின்றது.

"சுலோச்சனா போய் ரெண்டு மாசத்துல பழைய கம்ப்யூட்டரும் போச்சு. கல்பனாகிட்ட ஒரு வார்த்தை, எது வாங்கலாம்னு கேட்டேன். அவளுக்கு அதுதானே வேலை. அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினா. எங்கிட்ட. அவ பொறந்ததுலேருந்து எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல. வைக்கறப்ப, அடுத்த வாரம் இன்னும் விசாரிச்சுச் சொல்றேம்ப்பான்னா." அவர் தாளை மடித்தார். "அப்புறம் நான் வாரத்துக்கு ஒரு சந்தேகம் கண்டுபிடிச்சேன். ஹமீதுகிட்ட கேட்டு எழுதி வச்சுப்பேன். புதன்கிழமைக்குள்ள ஒண்ணு கிடைச்சுட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

"வாங்கிட்டா?"

"வாங்கிட்டா அவ எதுக்கும்மா கூப்பிடணும்?"

"சுலோச்சனாம்மா இருந்தப்ப கல்பனா கூப்பிட்டா என்ன பேசுவீங்க?"

"போன் எங்கிட்டதான் இருக்கும். எடுப்பேன். 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'னுவேன்."

"அவ்வளவுதானா?"

"பதினாறு வருஷமா அவ்வளவுதான்."

"அவங்க என்ன பேசுவாங்க?"

"ஒண்ணுமே இருக்காது. துணி காஞ்சுதா, பக்கத்து வீட்டுக்காரி இன்னும் சண்டை போடறாளா, தலைக்கு எண்ணெய் வச்சியா. இதையே ஒரு மணி நேரம். என்னடா இது, இன்டர்நேஷனல் காலப் போட்டுத் துணி காஞ்ச கதையான்னு நான் எழுந்து போயிடுவேன். சுலோச்சனா சிரிப்பா. 'உங்கப்பா எழுந்து போயிட்டாருடி'ன்னு அதையும் அவகிட்ட சொல்லுவா."

சொல்லிவிட்டு அவர் வெளியே பார்த்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்மேல் இரண்டு மாடுகள் நின்றன.

"பதினாறு வருஷத்துல ஒரு நாளாவது உக்காந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா இப்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னாவது தெரிஞ்சிருக்கும். நீங்களும் எல்லாத்தையும் தீத்து வச்சுட்டீங்க. கேள்வியே இல்லாம அவகிட்ட நான் என்ன பேசறது?"

நீலாம்மா ஆய்ந்த கீரையைத் தட்டில் ஒதுக்கினார். வேரையும் பழுத்த இலையையும் காகிதத்தில் சுருட்டினார்.

"கேள்வி தீந்த இடத்துலதான் சார் அவங்க ரெண்டு பேரும் பேசவே ஆரம்பிச்சிருப்பாங்க," என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

தணிகாசலம் தனியாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். சரியாக ஐந்து மணிக்குப் போன் அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்.

"என்னப்பா, முடிவு பண்ணிட்டீங்களா இல்லையா?"

"பண்ணிட்டேம்மா."

"நிஜமாவா? எது?"

"விண்டோஸ். ஹமீதுக்குத் தெரிஞ்சது அதுதானே."

"இதைத்தானே நான் மார்ச் மாசமே சொன்னேன். சரி, நல்லதாப் போச்சு. வேற சந்தேகம் எதும் இருக்கா?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?" கல்பனா சிரித்தாள். "தப்பிச்சேன்."

பின்னால் எதையோ எண்ணெயில் போடுகிற சத்தம் கேட்டது. அங்கே அது மதியச் சமையல் நேரம்.

"கல்பனா."

"சொல்லுங்கப்பா."

அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

"உடம்பு நல்லா இருக்கில்ல?" என்று அவளே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"மாத்திரையெல்லாம்?"

"போட்டுக்கறேன்."

"அப்ப சரிப்பா. அடுப்புல இருக்கு, கருகிடும். வாங்கினதும் ஒரு போட்டோ அனுப்புங்க. வச்சிடட்டுமா?"

"சரிம்மா."

அவள் வைத்துவிட்டாள். தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதன் திரை இருண்டு சில நொடிகள் ஆன பிறகு, மெதுவாக, ஒத்திகை பார்க்கிறவரைப் போல் சொன்னார்.

"இன்னிக்கு என்ன சமைக்கறேன்னு சொல்லேன்."