அப்பாயி தலையில் வைத்த கை

கொள்ளிடத்தின் நடுவே நாணல்படுகை என்றொரு மேடு. அதில் நாற்பது வீடுகள். அங்கே அஞ்சலையம்மாள் என்பவள், தாய் தகப்பனை இழந்த மூன்று பேரப்பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தாள். மூத்தவன் தில்லையப்பன், நடுவில் மதுரம், இளையவன் கலியன். அவர்களுக்கு அவள் அப்பாயி, ஊருக்கெல்லாம் ஆத்தா.

அவள் வளர்த்த அருமையை மதுரத்துக்கு இன்றும் சொல்லி மாளாது. மதுரம் டைபாய்டில் கிடந்தபோது இருபத்தொரு நாள் அப்பாயி உப்பில்லாமல் சாப்பிட்டாள். தேர்த் திருவிழாவில் தில்லையப்பன் தொலைந்துபோனபோது, தேடி ஓடாமல், அவன் கை நழுவிய இடத்திலேயே உச்சி வெயிலில் நின்றாள். "ரெண்டு பேரும் அலைஞ்சா ரெண்டு பேரும் தொலைஞ்சிருவோம். தேடி வர்ற புள்ளைக்கு நின்ன இடத்துல ஆள் இருக்கணும்" என்பாள்.

மதுரத்துக்கு இருபது வயதான ஆண்டு, ஐப்பசி மாதம், மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். நண்பகலுக்குள் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. படகோட்டி உத்திராபதி ஊர் முழுவதையும் நடை நடையாக ஏற்றி, அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். கலியனை மட்டும் காணவில்லை. கீழ்த்திட்டில் மேய்ந்த கன்றுகளை ஓட்டி வரக் காலையில் போனவன் திரும்பவே இல்லை.

உத்திராபதி படகை அப்பாயி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். "ஆத்தா, இதுதான் கடைசி நடை. இன்னும் ஒரு முழம் ஏறினா படகு நிக்காது. வெரசா ஏறுங்க."

அப்பாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கலியன் வந்து பார்க்கையில வீட்டுல ஆள் இருக்கணும். நீங்க போங்க."

"நீ வராம நான் ஏற மாட்டேன் அப்பாயி" என்று மதுரம் அழுதாள்.

தில்லையப்பன் வாயில் பொய் வராது. "கலியன் இன்னும் வரலை அப்பாயி. எங்க இருக்கான்னும் தெரியலை. உனக்குப் பதிலா நான் நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றான்.

"ஒருத்தனைக் காணலைன்னு உசுரு துடிக்குது. இன்னொருத்தனையும் ஆத்துல விட்டுட்டுப் போகவா?" அவள் அசையவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. என்ன பேசுகிறோம் என்று நினைக்குமுன் மதுரத்தின் வாய் பேசிவிட்டது: "கலியன் அக்கரைக்குப் போயிட்டான் அப்பாயி. வேற படகுல போனான். நான் பார்த்தேன்."

அப்பாயி அவள் முகத்தையே பார்த்தாள். "என் தலையில கை வச்சுச் சொல்லு."

பொய்ச் சத்தியம் செய்தால், கை வைத்த தலைக்கு ஆயுசு இல்லை என்பது அந்த ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மதுரம் உத்திராபதியைப் பார்த்தாள். அன்று ஆற்றில் ஓடியது அவன் படகு ஒன்றுதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கழியை ஊன்றியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதுரம் நடுங்கும் கையை அந்த நரைத்த தலைமேல் வைத்தாள்.

"சத்தியமா."

"சரி. நீ முதல்ல ஏறு" என்றாள் அப்பாயி. அவளை ஏற்றி உட்காரவைத்த பிறகே தான் ஏறினாள். பின்னால் வந்த தில்லையப்பன் ஏறாமல், படகைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டான். "அண்ணே!" என்று மதுரம் அலறினாள். ஆற்றின் இழுப்பு படகைக் கொண்டுபோய்விட்டது. அப்பாயி சத்தம் போடவில்லை. கரை சேரும்வரை மதுரத்தின் மணிக்கட்டை விடவும் இல்லை.

கரையில் இறங்கியவள் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "உத்திராபதி, தண்ணி வடிஞ்சதும் எம் பேரன்கள் ரெண்டு பேரையும் கொண்டாந்துடுப்பா" என்றாள். யார் கூப்பிட்டும் வராமல், கொட்டும் மழையில் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் இருவரும் உத்திராபதி படகில் வந்தார்கள். மேட்டைத் தேடி நீந்தி வந்த கலியனுக்கு, கூரைமேல் நின்று தில்லையப்பன் கூவிய குரல்தான் திசை காட்டியதாம். அப்பாயிக்கோ அன்றே குளிர்காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் போய்விட்டாள்.

ஆண்டுதோறும் அவள் திதியன்று இந்தப் பேச்சு வரும். "நான் மெய் சொன்னேன்; நின்னேன்; தம்பி பொழைச்சான்" என்பான் தில்லையப்பன். "நான் வாயைத் திறந்திருந்தா மூணு பேரும் வெள்ளத்தோட போயிருப்பீங்க" என்பான் உத்திராபதி. பெற்ற பிள்ளைக்குத் தலை வாரிவிடும்போதுகூட மதுரத்துக்கு வலது கை கூசும்.

கேட்டவர்களே, சொல்லுங்கள். மெய் சொல்லி நின்றவன், பொய்ச் சத்தியம் செய்தவள், தெரிந்தும் வாய் மூடியவன்: இந்த மூவரில் யார் செய்தது சரி? அப்பாயியைக் கொண்டுபோனது மதுரத்தின் கைதானா?

*

விடை: மதுரம் செய்ததே சரி. தில்லையப்பன் உயிரையே பணயம் வைத்தான், அது பெரிது. ஆனால் அவன் சொன்ன மெய்யால் அப்பாயியை ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை. உத்திராபதியின் மௌனம் மதுரத்தின் சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. பாவம் என்று தெரிந்தே அதைச் சுமந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பாவமும் அவளைச் சேராது. அப்பாயி பொய்யை நம்பியிருந்தால் கரையேறியதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி "கலியன் எங்கே?" என்று கேட்டிருப்பாள். அவளோ, "ரெண்டு பேரையும்" கொண்டுவரச் சொன்னாள். தன்னைக் கரையேற்ற இந்தப் பெண் எதையும் செய்வாள், தான் ஏறாவிட்டால் இவளும் ஏறமாட்டாள் என்பது, தலைமேல் அந்தக் கை நடுங்கியபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. மதுரத்தைக் காப்பாற்றத்தான் அவள் படகில் ஏறினாள். அவளைக் கொண்டுபோனது ஐப்பசி மழை.