இருவாச்சியின் கால்தடம்

ஒரு காட்டில், ஊற்றங்கரைப் பக்கம், கரடி வைத்தியர் ஒருவர் இருந்தார். காய்ச்சலோ காயமோ, யார் வந்தாலும் பச்சிலை அரைத்துக் கொடுப்பார். "நீ யார்?" என்று கேட்கமாட்டார். "எங்கே வலிக்கிறது?" என்றுதான் கேட்பார்.

அந்தக் காட்டுக்கு நரிதான் மந்திரி. ஒருநாள் அது புலி அரசனிடம் போய், "அரசே, சோம்பேறிகளும் நம் மருந்தைத் தின்கிறார்கள். இனி உழைப்பவருக்கு மட்டுமே மருந்து என்று ஆணையிடுங்கள். உழைப்பவர்கள் தினமும் உச்சிவேளையில் என் களிமண் களத்துக்கு வந்து கால்தடம் பதிக்கட்டும்" என்றது.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. புலியும் தலையாட்டிவிட்டது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா, குழந்தைகளே? வேலைவெட்டி இல்லாத குரங்குகள் முதல் ஆளாக வந்து தடம் பதித்துவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டன. உழைக்கிறவர்களுக்கோ உச்சிவேளையில்தான் தலைக்குமேல் வேலை!

அப்படி ஒருவன்தான் மலையன் என்ற இருவாச்சிப் பறவை. இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், அலகை நீட்ட ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு, வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை தந்தைதான் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும்.

மலையன் தன் வாய்க்கு எட்டியதைக்கூட மனைவி பூவரசிக்கும் குஞ்சுக்கும் ஊட்டிவிடுவான். அவனைப் போன்ற உழைப்பாளியை அந்தக் காடு கண்டதில்லை. ஆனால் களிமண் களத்தின் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு காலையில் பருந்து ஒன்று அவன் சிறகைக் கிழித்துவிட்டது. பறக்க முடியாமல் தத்தித் தத்தி வைத்தியரிடம் வந்து சேர்ந்தான். கரடி பச்சிலையை அரைத்து எடுத்தது. நரி குறுக்கே வந்து நின்றது.

"உன் கால்தடம் களத்தில் இல்லையே!"

"மந்திரியாரே, நான் அங்கே வந்தால் அந்த நேரம் என் கூடு பட்டினி கிடக்கும்."

"நீ உழைத்தாய் என்பதற்கு என்ன அடையாளம்?"

"என் பெண்டாட்டியும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்களே, அதுதான்."

"அது களிமண்ணில் தெரியாதே!" என்று சிரித்தது நரி. "வைத்தியரே, மருந்து கொடுத்தீர்களானால் உங்கள் குகையை மூடிவிடுவேன்."

கரடி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. மலையன் தன் கூடு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். பொந்தின் பிளவில் பூவரசியின் அலகு இப்போது நீண்டிருக்குமே! தான் பறக்காவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு உயிர்களும் போய்விடுமே!

அந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கிய புலி அரசன் முனகிக்கொண்டே வந்தான்.

"வைத்தியரே, பல்வலி உயிர் போகிறது! சீக்கிரம்!"

கரடி மருந்தை எடுத்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டது.

"அரசே, மன்னிக்கவேண்டும். தங்கள் கால்தடமும் களத்தில் இல்லை."

"என்ன!" என்று உறுமினான் புலி. "விடிந்தால் அடைந்தால் எல்லைக் காவல் சுற்றுகிறேன். அங்கே வர எனக்கு நேரம் ஏது? நான் படும் பாடு களிமண்ணுக்குத் தெரியுமா?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன், அரசே" என்றான் மலையன்.

புலி திரும்பிப் பார்த்தான். ரத்தம் சொட்டும் சிறகைக் கண்டான். கூட்டின் கதையைக் கேட்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அரசனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"வைத்தியரே, முதலில் இவனைக் கவனியுங்கள். என் பல் பொறுத்துக்கொள்ளும்" என்றான். அவ்வளவு வலியிலும் அப்படிச் சொன்னானே, அவனல்லவா அரசன்!

பிறகு நரியைப் பார்த்தான். "அந்த ஆணை இன்றோடு ஒழிந்தது. இவன் சிறகு ஆறும்வரை இவன் கூட்டுக்கு நீதான் பழம் சுமக்கவேண்டும். மரத்தின் மேலே ஏற்றிக் கொடுக்க உன் குரங்குகள் இருக்கின்றனவே!"

மறுநாள் உச்சிவேளையில் நரி வாய் நிறைய அத்திப்பழத்தோடு, நாக்குத் தள்ள, மரத்துக்கும் காட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. பொந்திலிருந்து நீண்ட அலகுக்குப் பசி அடங்கவே இல்லை.

களிமண் களத்தில் அன்று ஒரு தடம்கூட இல்லை. நரியின் தடமும்தான்.

நீதி: உடம்பு தேறினால்தான் உழைக்க முடியும், உழைப்புக்கு அடையாளம் கேட்டு மருந்தை மறிப்பவன் உழைப்பையே மறிக்கிறான்.