நாலாம் நம்பர் மந்தம்னு யார் சொன்னா?

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. அதுக்குப் பேரு நாலாம் நம்பர். அது ஒரு பாவமும் பண்ணலை, அமுதி. ஆனா ஒரு திங்கக்கிழமை காலையில அதோட நெத்தியில ஒரு தாளை ஒட்டிட்டாங்க. "மந்தம். கழிக்கவும்." அவ்வளவுதான். ஏன்னு கேக்கலை, எதனாலன்னு பாக்கலை. பசையைத் தடவினாங்க, பச்சக்! ஒட்டினாங்க. இது நியாயமா?

"ம்."

என்னடி ம்? நியாயம்ங்கிறியா?

"இல்ல சித்தி. அநியாயம்."

அப்படிச் சொல்லு. தலையணையை இந்தப் பக்கம் இழுத்துக்கோ. கேளு.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு காலேஜ்ல, செடி கொடியைப் பத்திப் படிக்கிற தாவரவியல் துறையில, ஜன்னலோரமா உக்காந்திருந்துச்சு. அங்க மொத்தம் நாலு கம்ப்யூட்டர். மூணு புதுசு. நாலாவது மட்டும் பழசு, பதினோரு வருஷம். வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. அந்த ரூமுக்குப் பொறுப்பு அருமைநாயகம் சார். சட்டைப் பையில ரெண்டு பேனா, இடுப்புல சாவிக்கொத்து, ஜல் ஜல் ஜல். அவரு வர்றதுக்கு முன்னாடியே சாவி வந்துரும். தாளை ஒட்டுனது அவருதான்.

அப்புறம் பேச்சி. பேச்சியம்மாள், எம்.எஸ்சி. கடைசி வருஷம். வயல்ல முளைக்கிற களைகளைப் பத்தி எழுபத்தி நாலு பக்கம் ரிப்போர்ட் அடிச்சுக்கிட்டிருந்தா. அவகிட்ட சொந்தமா கம்ப்யூட்டர் கிடையாது. அவளுக்குன்னு ஒதுக்கினது நாலாம் நம்பர். மத்த மூணுலயும் வேற பிள்ளைங்க. பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் வெளிய அடிக்கலாம்னா, அதைச் செருகக்கூடாது, வைரஸ் வந்துரும்னு சாரோட சட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட்டைக் கொடுக்கணும். ஆனா அன்னைக்கு மத்தியானமே பழைய சாமான் லாரி வருது, நாலாம் நம்பரை ஏத்திட்டுப் போக! நாலாம் நம்பர் போனா ரிப்போர்ட் போச்சு. ரிப்போர்ட் போனா பேச்சிக்கு ஒரு வருஷம் போச்சு. புரியுதா?

"ம். லாரி வரக்கூடாது."

வரும். அதான் கதை.

நாலாம் நம்பருக்கு என்ன வியாதின்னு கேளு. பேச்சி எழுதற சாஃப்ட்வேரைத் திறந்து 'கோரை'ன்னு அடிப்பா. கோரைன்னா ஒரு புல்லு, பொல்லாத களை. 'கோ' வரும். அப்புறம் உள்ளேர்ந்து கிர்ர்ர்... கிடுகிடு... கிர்ர்ர்னு சத்தம். பேச்சி எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சு, மூஞ்சி கழுவி, தொடைச்சுக்கிட்டு வந்து பார்த்தா அப்பத்தான் 'ரை' வந்து நிக்கும்.

"ஏன் சித்தி?"

ஆ! இந்த ஒத்தைக் கேள்வியைத்தான் அந்த சார் கேக்கலை! உனக்கு ஆறு வயசு, நீ கேக்கற. கம்ப்யூட்டருக்கு ஒரு மடி உண்டு, ஒரு பீரோ உண்டு. இப்ப வேலை செய்யறதை மடியில வச்சுக்கும். அந்த மடிக்குத்தான் ரேம்னு பேரு. மத்ததையெல்லாம் பீரோவுல வச்சிருக்கும். மடி சின்னதா இருந்து சாமான் அதிகமா இருந்தா என்ன பண்ணும்? ஒண்ணை பீரோவுல வைக்க ஓடும், இன்னொண்ணை எடுக்க ஓடி வரும். கிர்ர்ர்னு கேட்டுச்சே, அது அந்த ஓட்டம். அது மந்தமா? ஓடி ஓடிச் சாகுது, அதைப் போய் மந்தம்னா?

பேச்சி நேரா சார்கிட்ட போனா. "சார், முன்னாடி படிச்ச அக்காங்க எல்லாம் இதே மடியிலதானே அடிச்சாங்க? அப்போ வேகமாத்தான இருந்துச்சு?"

"அப்போ அதுக்கு வயசு கம்மி. வருஷா வருஷம் மந்தமாகுது, நானும் பாக்கறேன்ல?"

"கம்ப்யூட்டருக்கு முட்டி வலியா சார் வரும்?"

"உனக்கு வாய் மட்டும் நல்ல வேகம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள அது ஓடுச்சுன்னா தாளை நானே கிழிக்கறேன். போ."

அப்போ பேச்சிக்கு வந்துச்சு பாரு ரோஷம்!

புதன்கிழமை முதல் முயற்சி. மடியில வேற என்னென்ன இருக்குன்னு பார்த்தா. பாட்டு, மூடு. சீட்டாட்டம், மூடு. கால்குலேட்டர், காலண்டர், மூடு மூடு. எழுதற சாஃப்ட்வேர் ஒண்ணு மட்டும் வச்சுக்கிட்டு 'கோரை'ன்னு அடிச்சா. 'கோ'... கிர்ர்ர்...

"வரலையா?"

வரலை. சாவி வந்துச்சு, ஜல் ஜல். "நான் சொன்னேன்ல?"ன்னுட்டுப் போச்சு.

வியாழக்கிழமை ரெண்டாவது முயற்சி. ரிப்போர்ட்ல நாப்பத்தாறு ஃபோட்டோ ஒட்டியிருந்தா, ஒவ்வொண்ணும் யானைக்குட்டி சைஸ்ல. சரி, இதுதான் பாரம்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சுருக்கினா. காலையில உக்காந்தவ சாயங்காலந்தான் எந்திரிச்சா. அப்புறம் ஃபைலோட எடையைப் பார்த்தா. முன்னாடி இருநூத்தி அம்பது எம்.பி. இப்போ இருநூத்திப் பன்னண்டு. அதாவது அவ படத்தோட பாரம் முப்பத்தெட்டுத்தான். அப்போ மிச்சம் யாரோடது?

சார் எட்டிப் பார்த்தாரு. "படம் படமா ஒட்டுனா இப்படித்தான். பொம்பளப் பிள்ளைங்க ரிப்போர்ட்டை ஆல்பம் மாதிரி ஆக்கிருவீங்க."

"என் படத்தைச் சுருக்கியாச்சு சார். இன்னும் இருநூத்திப் பன்னண்டு இருக்கு. அது எந்தப் பொம்பளை ஒட்டினது?"

சார் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில சொருகினாரு. அது ஏற்கெனவே பையிலதான் இருந்துச்சு.

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். வெள்ளிக்கிழமை வந்துருச்சு. பேச்சி ரூம் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறா. மூணாவது முயற்சி. இது கொஞ்சம் பயங்கரம். ரிப்போர்ட்டை வேற பேர்ல ஒரு நகல் எடுத்துக்கிட்டா. அந்த நகல்ல முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் மொத்தமாப் பிடிச்சா. மூச்சை அடக்கினா. சர்ர்ர்! அழிச்சுட்டா.

"எல்லாத்தையுமா?!"

எல்லாத்தையும். வெள்ளை வெளேர்னு ஒத்தைப் பக்கம். ஒரு புள்ளி கிடையாது. அப்புறம் எடையைப் பார்த்தா. அமுதி, எவ்வளவு இருந்திருக்கும்?

"பூஜ்யம்."

இருநூத்திப் பதினாலு! வெத்துப் பக்கம்டி! ஒண்ணுமே இல்லாத பக்கம், குறையறதுக்குப் பதிலா ரெண்டு கூடியிருக்கு! அந்த வெத்துப் பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நாலாம் நம்பர் கிர்ர்ர் கிர்ர்ர்னு முக்குது!

பேச்சி அந்த வெள்ளையையே பார்த்தா. அப்போ அவளுக்கு அவ ரிப்போர்ட்டே ஞாபகம் வந்துச்சு. பதினெட்டாம் பக்கத்துல அவதானே எழுதியிருக்கா, கோரையை மேல பிடுங்கினா வயல் சுத்தமாத்தான் தெரியும், அடியில கிழங்கு அப்படியே கிடக்கும்னு. அப்போ இங்க கிழங்கு எங்க?

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். அந்தத் துறையில யாரும் புது ஃபைல் திறக்க மாட்டாங்க. முதல் நாளே அருமைநாயகம் சார் ஒரு பழைய ரிப்போர்ட்டைக் கொடுப்பாரு. "இது ராசியான ஃபைல்மா. மார்ஜின், முகப்பு எல்லாம் அளவா இருக்கு. உள்ள இருக்கறதை அழிச்சுட்டு உன்னுதை அடி. இதுல அடிச்சவங்க யாரும் ஃபெயிலானதில்ல." எல்லாரும் அப்படியே வாங்கி, அழிச்சு, அடிச்சு, அடுத்த வருஷத்துப் பிள்ளைக்குக் கொடுப்பாங்க. பதினோரு வருஷமா!

பேச்சி உண்மையான ரிப்போர்ட்டைத் திறந்தா. மேல இருக்கற பட்டனை ஒவ்வொண்ணா அமுக்கினா. ஒண்ணுல எழுதியிருந்துச்சு, திருத்தங்களைக் காட்டவான்னு. காட்டுன்னு அமுக்கினா.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிடுகிடுகிடு... தடதடதடதடன்னு கொட்டுச்சு! சிவப்புச் சிவப்பா, நடுவுல கோடு போட்ட எழுத்து! எழுபத்தி நாலு பக்கம் நூறாச்சு, முந்நூறாச்சு, ஆயிரத்து இருநூத்தி ஆறு பக்கம்! ஒரு அக்காவோட பாசி, ஒரு அண்ணனோட காளான், யாரோட வேப்பமரமோ, படத்தோட, அட்டவணையோட! பதினோரு வருஷம் அழிச்சது ஒண்ணுகூட அழியலை. யாரோ ஒரு காலத்துல திருத்தத்தையெல்லாம் ஞாபகம் வச்சுக்கோன்னு அந்த ஃபைலுக்குச் சொல்லி வச்சுட்டாங்க. அப்புறம் சிவப்பு கண்ணை உறுத்துதுன்னு மறைச்சும் வச்சுட்டாங்க. மறைச்சா இல்லாமப் போயிருமா? புது கம்ப்யூட்டர் மூணுக்கும் மடி பெருசு, தெரியலை. நாலாம் நம்பர் அந்தச் சின்ன மடியில அத்தனை பேரையும் தூக்கி வச்சுக்கிட்டு...

"பாவம் சித்தி."

பாவந்தானே? அப்போ வெளியில, பாம்! பாம்! லாரி!

ரெண்டு பேர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உள்ள வந்தாங்க. பின்னாடியே சாவி, ஜல் ஜல். "ஜன்னலோரம், தாள் ஒட்டியிருக்கே, அதான்பா."

பேச்சி பிளக் பாயிண்டுக்கு முன்னாடி போய் நின்னுட்டா. "விசாரிக்காம யாரும் தொடக்கூடாது."

"ஏம்மா, வழியை விடு. ஏறுதா இல்லையா? நாங்க அடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில் எடுக்கப் போகணும்"னாரு லாரிக்காரர்.

"சார், நீங்க வந்து ஸ்கிரீனைப் பாருங்க. அதுக்கு வயசாகலை. சுமை கூடிருக்கு. உங்க ராசியான ஃபைல்தான் சார் சுமை."

சார் பார்த்தாரு. "யாரு இந்தக் குப்பையெல்லாம் போட்டது?"

"இருங்க, அடியில யாருன்னு பார்த்துருவோம்"னு பேச்சி கடைசிப் பக்கத்துக்குப் போனா. ஆயிரத்து இருநூத்தி ஆறு. அந்த ஃபைல்ல முதமுதல்ல அடிச்ச ஆளோட நன்றியுரை. அவ சத்தமா வாசிச்சா. "என் பெற்றோருக்கு நன்றி. என் வழிகாட்டிக்கு நன்றி. எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் சலிக்காமல் என்னோடு உழைத்த நாலாம் நம்பருக்கு நன்றி. இப்படிக்கு..."

வாசிக்கறதை நிறுத்திட்டா.

"யாரு சித்தி?"

அருமைநாயகம்.

கடைசி வரிக்குப் பக்கத்துல, சார் அங்க படிச்சப்போ அவருக்கு வாத்தியாரா இருந்தவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தாரு. "இயந்திரத்துக்கு எதற்கு நன்றி? நீக்கவும்." அந்த வரி மேல சிவப்புக் கோடு. அந்த ஃபைல்லயே முதல் கோடு அதுதான்.

சார் குனிஞ்சு அந்த வரியை இன்னொரு தடவை படிச்சாரு. அப்புறம் லாரிக்காரர், "சார், ஏத்தவா?"

சார் திரும்பிப் பார்க்காமலே சொன்னாரு. "நில்லுப்பா." அப்புறம் பேச்சிகிட்ட, "இதையெல்லாம் நெசமாவே அழிக்க வழி இருக்கா?"

"இருக்கு சார். எல்லாத் திருத்தத்தையும் ஏத்துக்கோன்னு ஒரு பட்டன், இனிமே ஞாபகம் வச்சுக்காதேன்னு இன்னொண்ணு."

"ரெண்டையும் அமுக்கு."

அமுக்கினா. கிர்ர்ர்... ஒரு சின்னக் கோடு எறும்பு மாதிரி நகருது. பாதி... கிடுகிடு... முக்கால்... வெளியில லாரி, பாம் பாம்! பேச்சி கையைப் பிசையறா, சார் சாவியைப் பிசையறாரு. கிர்ர்ர்... கிர்... கி... நின்னுருச்சு.

பேச்சி எடையைப் பார்த்தா. ஒம்போது. இருநூத்திப் பன்னண்டு எங்க, ஒம்போது எங்க! 'கோரை'ன்னு அடிச்சா. டக்! முழுசா வந்து நின்னுச்சு. கோரைக்கிழங்கு, டக் டக்! கோரைக்கிழங்கின் வேர், டக் டக் டக்!

சார் குனிஞ்சு, நகத்தால சுரண்டிச் சுரண்டி அந்தத் தாளைப் பிச்சாரு. லாரி காலியாப் போச்சு. ரிப்போர்ட் நாலரை மணிக்கே ரெடி.

"ஏய்! ஜெயிச்சாச்சு!"

படு, படு, இன்னும் ஒண்ணு பாக்கி. "நாற்காலியைக் கொஞ்சம் விடும்மா"ன்னு சொல்லிட்டு சார் உக்காந்தாரு. பேச்சியோட நன்றியுரைக்குக் கீழ, எதையும் பார்க்காம, ஒரு வரி அடிச்சாரு. சலிக்காமல் உழைத்த நாலாம் நம்பருக்கு நன்றி. டக் டக் டக் டக்.

பேச்சி விடுவாளா? "சார், அது என்னோட ரிப்போர்ட்."

நாலாம் நம்பர் கண்ணை மூடியாச்சு, லாரி ஊரைத் தாண்டியாச்சு, நீயும் மூடு.

"சித்தி! சார் என்ன சொன்னாரு?"

சொன்னா மூடுவியா?

"ம்."

"வேணாம்னா அழிச்சிரும்மா. இப்பத்தான் அழிச்சா அழியுமே"ன்னாரு.