சார்ஜ் நிற்காத லேப்டாப்

ஆவாரம்பட்டி சீரங்கன் தாத்தாவாகிவிட்டார். ஆனால் பேத்தி முகத்தை இன்னும் பார்த்தபாடில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகள் அல்லி, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து வைங்கப்பா, பாப்பாவைக் காட்டறேன்" என்று சொல்லியிருந்தாள். லேப்டாப்போ அவள் கல்லூரியில் படித்த காலத்தது. திறந்தால் உறுமும், சுடும், உடனே அணைந்துவிடும்.

சீரங்கன் அதைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். கூடவே அவர் மனைவியின் தம்பிகள் காத்தமுத்துவும் வையாபுரியும். மூவரும் சேர்ந்து யோசித்தால் முடியாத காரியமே இல்லை என்பது மூவரின் கருத்து.

பழுது பார்க்கும் செல்வின் சொன்னான்: "சார்ஜ் நிக்காதுண்ணே. மெமரியும் கம்மி."

வீட்டுக்கு வந்து கூட்டம் போட்டார்கள்.

"நிக்காதுன்னுதானே செல்வின் சொன்னான், மாமா? உக்காராதுன்னு சொல்லலையே" என்றான் காத்தமுத்து.

நியாயமாகத்தான் பட்டது. ஈஸிச்சேரில் உட்கார வைத்தார்கள். அப்போதும் அணைந்தது. பாயில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினார்கள். வடக்கே தலை வைக்கக் கூடாதே என்று திருப்பிப் படுக்க வைக்கப் பார்த்தால், அதற்குத் தலை எது என்பதில் தகராறு. அதற்குள் லேப்டாப் கொதித்தது.

"காய்ச்சல்" என்றான் வையாபுரி.

அடுத்தது மெமரி. ஞாபகசக்திக்கு வல்லாரைதானே? கீரையை அரைத்துச் சாறெடுத்து, எழுத்துக்களின் இடுக்கில், குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாலாடையால் புகட்டினார்கள். லேப்டாப் 'கீச்' என்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

"எல்லாம் ஞாபகம் வந்துருச்சு போல. பாவம், என்ன கஷ்டப்பட்டுதோ" என்றார் சீரங்கன்.

மறுபடி செல்வினிடம் ஓடினார்கள். அவன் லேப்டாப்பைக் கவிழ்த்தான். பச்சையாகக் கொட்டியது. "இதை வச்சுக்கிட்டு அழாதீங்கண்ணே. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

சீரங்கனுக்கு மனசு வரவில்லை. மகள் தொட்டுப் படித்த பொருள்.

"வாங்கறதைப் பத்தி அப்புறம் பேசுவோம் மாமா. வச்சுக்கிட்டுத்தானே அழக் கூடாது?" என்றான் வையாபுரி. லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு, மூவரும் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டு ருக்குமணி தலையை முடிந்துகொண்டு ஓடிவந்தாள்.

"யாருங்க தவறினது?"

"இன்னும் முடிவு பண்ணலைம்மா" என்றார் சீரங்கன்.

பிறகு தூக்கிப் போடும் வேலை. பிடிக்கக் கூடாதென்று செல்வின் சொல்லவில்லை. அதனால் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். ஒருமுறை, "நீ பிடி" என்று காத்தமுத்துவும் "நீ பிடி" என்று வையாபுரியும் விட்டுக்கொடுத்தார்கள். புதுசு வாங்குவதா வேண்டாமா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது.

ஞாயிறு சாயங்காலம் புது லேப்டாப்பில் பளிச்சென்று பேத்தி. சீரங்கனுக்குக் கண் கலங்கியது.

"பாப்பா தெரியறாளாப்பா?"

"நல்லாத் தெரியறாம்மா."

"எங்களுக்கு உங்களைத்தான் தெரியலை."

"பெத்த அப்பனையே தெரியலையா?" என்றார் சீரங்கன்.

"அங்க ஒரே இருட்டுப்பா. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டு மூவரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நல்ல வெயில். "மேற்கே பாத்து நில்லுங்க மாமா, மஸ்கட் அந்தப் பக்கம்தான்" என்றான் காத்தமுத்து. வரிசையாக நின்று, சூரியனைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அப்பா, எங்க போனீங்க?"

"யாரோ கூப்பிடறாங்க மாமா" என்றான் வையாபுரி.

"அப்புறம் வரச் சொல்லு" என்றார் சீரங்கன், உதட்டை அசைக்காமல். "இப்ப பேத்தி என்னைப் பாத்துக்கிட்டிருக்கா."