குறுக்கே ஒரு கால்

“இனிமே நடக்கறதே வேண்டாமுங்க, டாக்டரம்மா. கட்டில்லயே கிடந்துக்கறேன்.”

நாச்சிமுத்து இதைச் சொன்னது நரம்பு மருத்துவர் ரெஜினாவின் அறை வாசலில் நின்றுகொண்டு. உள்ளே வர முடியவில்லை. பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து வாசல் என்றாலே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்கின்றன. பஸ் ஓட்டிய மனிதர். பிரேக் பிடித்துக்கொண்ட வண்டி மாதிரி நின்றார்.

பக்கத்தில் அவர் மனைவி பொன்னாத்தாள். இடது கையில் மாவுக்கட்டு.

“கைக்கு என்னம்மா ஆச்சு?”

நாச்சிமுத்து முந்திக்கொண்டு சொன்னார்.

“குளியலறை வாசல்ல இப்படித்தான் நின்னுட்டனுங்க. இவ கையப் புடிச்சு இழுத்தா. காலு வரல. அவ மேலயே விழுந்துட்டேன். இன்னொருக்கா விழுந்தா கையோட போகுமுங்களா?”

அது கையோடு நிற்காமலும் போகலாம் என்பது மூவருக்கும் தெரியும்.

ரெஜினா எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். தன் வலது காலை நாச்சிமுத்துவின் பாதங்களுக்கு முன்னால் குறுக்கே வைத்தார்.

“என் காலைத் தாண்டி வாங்க.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்தில் படுத்துத் தூங்கும் பேரனின் காலைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர் அவர்.

“ஐயோ! உங்க காலையா? ஆகாதுங்க.”

“அப்ப மிதிச்சுட்டு வாங்க.”

“அடக் கடவுளே!”

“ஏனுங்க பெரியவரே, வழிய விடுங்க,” என்று வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார்.

நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது. அந்தக் காலையே பார்த்தார். மிதித்துவிடக் கூடாதே என்ற பயம் ஒன்றுதான் மனசில். கால் எழுந்தது. தாண்டியது. அடுத்த காலும் வந்தது.

உள்ளே வந்ததும் முதல் காரியமாக, மன்னிப்புக் கேட்க ரெஜினாவின் பாதத்தைத் தொடக் குனிந்தார்.

“குனியாதீங்க, விழுந்துருவீங்க!” ரெஜினா தோளைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். பிறகு, “இப்ப வெளிய போகணும்ல? குறுக்கே தாண்ட ஏதாச்சும் இருந்தா உங்க காலு எழும்புது. ஆனா என் காலு உங்க வீட்டுல இருக்காது,” என்று சொல்லிவிட்டுப் பொன்னாத்தாளைப் பார்த்தார்.

பொன்னாத்தாளின் முகம் வெளுத்துப்போனது.

“எனக்குப் பயமா இருக்குதுங்க. ராத்திரி இவர் எந்திரிச்சாலே நானும் எந்திரிச்சு உக்காந்துக்கறனுங்க.”

“வேண்டாமுங்க,” என்றார் நாச்சிமுத்து. “நான் விழுந்து செத்தாலும் சரி. அவ மேல மட்டும் இன்னொருக்கா வேண்டாம். கட்டிலே போதும்.”

“பயம் போகட்டும்னு காத்திருந்தா கட்டில்தான்.” ரெஜினா அவருக்குப் பின்னால் போய், இடுப்பருகே இரண்டு கைகளையும் வைத்து நின்றுகொண்டார். “அம்மா, நீங்க முன்னால நிக்க வேண்டாம். இழுக்கவும் வேண்டாம். பக்கத்துல நின்னு, காலை மட்டும் வைங்க.”

பொன்னாத்தாள் நகரவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் வந்தாள். வாசலுக்குக் குறுக்கே ஒரு கால் வந்தது.

வெடித்த குதிகால். தேய்ந்த மெட்டி. இத்தனை வருசம் கூடவே நடந்த காலை நாச்சிமுத்து இப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்புள்ள, காலு இப்படி நடுங்குது?”

“ஏன், உங்களுக்கு மட்டுந்தான் நடுங்கணுமா? தாண்டுங்க.”

நாச்சிமுத்து காலைத் தூக்கினார்.