மீன் பானையின் வாசம்

மல்லிகைத் தோட்டத்து முதலாளி சிங்காரவேலர் மீன்கூடை எதிரே வந்தாலே திரும்பிப் போய்க் குளிப்பவர். அங்கே வேலை செய்த என் மனைவி செல்லக்கிளி, பூக்காத செடிகளுக்கு மீன் கரைசல் தெளிக்கலாம் என்றாள்.

“தெளி. நாத்தம் அடிச்சா அன்னைக்கே உனக்கு வேலை கிடையாது.”

“அடிச்சா நீங்களே சொல்லுங்கய்யா.”

மீன் கழிவையும் வெல்லத்தையும் பானையில் போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டிக் கிணற்றடியில் வைத்தாள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் வந்த முதலாளி மூக்கை உறிஞ்சினார்.

“யாரு பலாப்பழம் அறுத்தது? எனக்கு எங்கே?”

அவள் பானையைத் திறந்தாள். “இந்தாங்கய்யா. பக்குவமா ஊறினா மீனும் இப்படித்தான் மணக்கும்.”

அன்று அவர் குளிக்கவில்லை. அவள் வேலையும் போகவில்லை.

செடிகள் பூத்தன. முதல் பூவைச் சூடி வீடு வந்தாள். இன்றும் பலாப்பழம் மணந்தால் எனக்கு அந்த மல்லிகைதான் நினைவுக்கு வருகிறது.